பெண் போலீஸ் நாயகியாக வரும் ஓப்பன் சிட்டி கேம் உண்டா? டார்சி ஸ்டெர்ன் பற்றி ஒரு நீண்ட பதில்

கேள்வி இதுதான்: ஒரு நகரத்தில் இஷ்டம் போலச் சுற்றி வருகிற ஆக்ஷன் கேமில், பெண் போலீஸ் ஒருத்தி முதன்மைக் கேரக்டராக வந்த கேம் உண்டா? அர்பன் கேயாஸ் என்று ஒரு பழைய கேமைச் சொல்கிறார்களே, அதை இப்போது எடுத்து விளையாடினால் தேறுமா? அப்புறம், இந்த மாதிரி கேம் ஏன் இவ்வளவு குறைவு?

உண்டு. நீங்கள் கேள்விப்பட்ட அர்பன் கேயாஸ்தான் அது, அதன் நாயகிதான் டார்சி ஸ்டெர்ன். தேறவும் செய்யும், ஆனால் சில இடங்களில் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். மூன்றாவது கேள்விதான் பெரிது, அதற்கான பதில் அர்பன் கேயாஸுக்குள்ளேயே பாதி இருக்கிறது என்பது என் எண்ணம், அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அதற்கு முன்னால் ஒரு குழப்பத்தை ஒழித்துவிடலாம். இந்தப் பெயரில் தேடினால் இரண்டு கேம்கள் வரும். 2006இல் பிஎஸ்2, எக்ஸ்பாக்ஸ் என்கிற கேம் கன்சோல்கள் இரண்டுக்கும் வந்த அர்பன் கேயாஸ்: ரயட் ரெஸ்பான்ஸ் வேறு கேம். கையில் கேடயம் பிடித்த கலவரத் தடுப்புப் போலீஸ், நாயகனின் கண் வழியாகவே பார்த்துச் சுடுகிற ஃபர்ஸ்ட் பெர்சன் ஷூட்டர், நாயகன் ஆண். பிற்பாடு பேட்மேன் ஆர்கம் கேம்களால் பெரிய பேர் வாங்கிய ராக்ஸ்டெடி நிறுவனம் முதன்முதலில் செய்த கேம் அது. முதல் கேமை வெளியிட்ட ஐடாஸ் நிறுவனமே இதையும் வெளியிட்டது என்பதால் பழைய பெயரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். கதையிலோ ஆட்களிலோ எந்த உறவும் கிடையாது. உங்களுக்கு வேண்டியது 1999 கடைசியில் பிசிக்கு வந்து, 2000இல் பிஎஸ்1, டிரீம்காஸ்ட் இரண்டுக்கும் போன முதல் அர்பன் கேயாஸ்.

இதைச் செய்தவர்கள் மக்கி ஃபுட் என்கிற சின்ன ஸ்டூடியோ, இங்கிலாந்தில் கில்ஃபோர்டைச் சேர்ந்தது. புல்ஃப்ராக் என்கிற கேம் நிறுவனத்திலிருந்து வெளியே வந்த மைக் டிஸ்கெட், ஃபின் மெக்கெக்கி, கை சிம்மன்ஸ் மூவரும் 1997இல் தொடங்கியது. இதில் எனக்குச் சுவாரசியமாகப் படுவது டிஸ்கெட்டின் முந்தைய வேலை. புல்ஃப்ராக்கில் இருந்தபோது அவர் முன்னின்று செய்த கேம் சிண்டிகேட் வார்ஸ், 1996. மழை ஒழுகும் ஒரு எதிர்கால நகரம், உங்கள் கையில் இயந்திர உடம்போடு நாலு ஏஜெண்டுகள், கட்டடங்களையே தரைமட்டமாக்கலாம், தெருவில் போகிறவன் செத்தால் கேட்க நாதி கிடையாது. ஒரு நகரத்தை எப்படியெல்லாம் நாசம் பண்ணலாம் என்று யோசித்த ஆள், அடுத்த கேமில் அதே மாதிரி ஒரு நகரத்தைக் கட்டி அதற்குக் காவலாக ஒரு புது ரிக்ரூட்டை நிறுத்துகிறார். அவள்தான் டார்சி ஸ்டெர்ன். யூனியன் சிட்டி போலீஸில் இப்போதுதான் சேர்ந்தவள், கருப்பினப் பெண், வாயைத் திறந்தால் கொஞ்சம் எகத்தாளம். பயிற்சியிலிருந்துதான் கேம் தொடங்குகிறது: ஓடு, தாவு, ஏறு, அடி, கார் ஓட்டு.

நகரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஓப்பன் சிட்டி என்று கேட்டிருக்கிறீர்கள். இன்றைய ஜிடிஏ (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ, கார் திருடி நகரம் சுற்றுகிற கேம் வரிசை) மாதிரி ஒரே வரைபடத்தில் முழு நகரமும் ஒட்டுமொத்தமாகக் கிடக்காது. யூனியன் சிட்டியின் வரைபடம் ஒன்று வரும், அதில் பேட்டை பேட்டையாக மிஷன்கள் திறக்கும், ஒன்றை எடுத்தால் அந்தப் பேட்டை முழுவதும் உங்களுக்கு. உள்ளே போனபிறகு கட்டுப்பாடு கிடையாது. எந்தத் தெருவிலும் நுழையலாம், நிற்கிற காரை எடுக்கலாம், கம்பி வேலியில் ஏறிக் குதிக்கலாம், ஏணி பிடித்து மொட்டை மாடிக்குப் போகலாம், அங்கிருந்து அடுத்த மாடிக்குத் தாவலாம், இரண்டு கட்டடத்துக்கு நடுவே கேபிள் இருந்தால் அதில் தொங்கிச் சறுக்கிக்கொண்டு போகலாம்.

காலத்தை வைத்துப் பார்த்தால்தான் இதன் அருமை தெரியும். அதே 1999இல் வந்த ஜிடிஏ 2இல் நகரத்தை மேலேயிருந்து பறவை மாதிரிதான் பார்க்க முடியும். அதே வருடத்து டிரைவர் கேமில் முப்பரிமாண நகரம் இருந்தது, ஆனால் காரை விட்டு இறங்க முடியாது, இறங்கி நடக்க அடுத்த வருடம் டிரைவர் 2 வர வேண்டியிருந்தது. ஊருக்குள் நடந்து சுற்றுகிற ஷென்மூ ஜப்பானில் வெளியானது 1999 டிசம்பர் கடைசியில். ஜிடிஏ 3 வந்தது 2001 அக்டோபரில். அதாவது, முப்பரிமாண நகரத்தில் காலால் ஓடி, கையால் அடித்து, காரும் ஓட்டி, போதாக்குறைக்கு மொட்டை மாடி மாடியாகத் தாவுகிற கேம் ஒன்று ஜிடிஏ 3க்குக் கிட்டத்தட்ட இரண்டு வருடம் முன்பே இருந்தது, அதில் ஆடுபவர் ஒரு பெண் போலீஸ். இதை யாரும் அதிகம் சொல்வதில்லை என்பதுதான் எனக்கு ஆதங்கம்.

மாடி விஷயத்தில் இன்னொன்று. டார்சியின் உடல் பலம், தாக்குப்பிடிக்கும் சக்தி இதையெல்லாம் கூட்டுகிற சின்னங்களை நகரத்தின் மூலை முடுக்கில் ஒளித்து வைத்திருப்பார்கள், அதுவும் ஏறிப் போக வழியே இல்லாத மாதிரி தோன்றுகிற கூரைகளில். மிஷனை விட்டுவிட்டு "அங்கே எப்படிப் போவது" என்று வெகு நேரம் சுற்றவைக்கும். இதே யோசனையைப் பல வருடம் கழித்து, 2007இல், கிராக்டவுன் ஒரு முழு கேமாகவே ஆக்கியது. கூரையில் பளபளக்கிற பச்சை உருண்டைகளைப் பொறுக்கப் பொறுக்க ஏஜெண்ட் இன்னும் உயரம் தாவுவான். ஒன்றைப் பார்த்து ஒன்று செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கிராக்டவுன் பிடித்தவர்களுக்கு டார்சியின் மாடிகள் பிடிக்கும்.

சரி, இப்போது முக்கியமான சமாச்சாரம். கைவிலங்கு.

ஒரு சந்தில் வைல்ட்கேட்ஸ் கும்பல் ஆள் ஒருத்தன் நிற்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கி உங்களிடம் இருக்கிறது, தூரத்திலிருந்தே சுட்டுவிடலாம், கேம் தடுக்காது. ஆனால் பக்கத்தில் ஓடிப்போய் வழுக்கிக்கொண்டு காலை வாரிவிட்டால் அவன் மல்லாந்து விழுவான். அவன் எழுந்திருப்பதற்குள் அவன்மேல் போய் நின்று ஆக்ஷன் பட்டனை அழுத்தினால், டார்சி குனிந்து அவன் கையைப் பின்னால் முறுக்கி விலங்கு மாட்டுவாள். அந்தச் சில நொடிகள் அவள் வேறு எதுவும் செய்ய முடியாது. அவன் கூட்டாளி பக்கத்தில் இருந்தால் அந்த நேரம் பார்த்து முதுகில் உதைப்பான். ஆக, கைது செய்வதற்கு ஒரு விலை உண்டு, நேரத்திலும் அடியிலும். சுடுவது சுலபம், கைது செய்வது கஷ்டம். இரண்டு மூன்று பேர் ஒன்றாக இருக்கும்போது யாரை முதலில் வீழ்த்துவது, யாரைத் தள்ளிக்கொண்டு போய் தனியாகப் பிடிப்பது, எப்போது வேறு வழியில்லாமல் துப்பாக்கியை எடுப்பது என்று நீங்களே யோசிக்க ஆரம்பிப்பீர்கள். அந்த யோசனை வந்த நிமிடத்தில் நீங்கள் போலீஸ்.

மிஷன் முடிந்ததும் வருகிற கணக்கில் எத்தனை பேர் செத்தார்கள், எத்தனை பேர் கைதானார்கள், எத்தனை பேர் தப்பினார்கள் என்று தனித்தனியாகக் காட்டும். சில மிஷன்களில் திரையில் குற்ற அளவு என்று ஒரு மீட்டர் வேறு ஓடும். ரௌடிகளை ஒழித்தால் இறங்கும், அப்பாவி மக்களைக் கொன்றால் ஏறும், ஏறிக்கொண்டே போனால் மிஷன் கைவிட்டுப் போகும். வேகமாக காரை ஓட்டிக்கொண்டு நடைபாதையில் ஏறி இரண்டு பேரைத் தூக்கினால் மற்ற கேம்களில் சிரித்துவிட்டுப் போவோமே, இங்கே அது உங்கள் தலையில் விடியும். ரொம்பக் கச்சாவான ஏற்பாடுதான். ஆனால் டார்சி போலீஸ் என்பது அவள் போட்டிருக்கிற உடுப்பில் மட்டும் இல்லை, கேமின் விதிகளிலேயே இருக்கிறது. பின்னால் வந்த எத்தனையோ போலீஸ் கேம்கள் கோட்டை விட்ட இடம் இது.

பெண் நாயகி என்கிற கோணத்தில் பார்த்தாலும் டார்சி கொஞ்சம் விசேஷம். அன்றைக்கு ஐடாஸ் என்றால் டூம் ரெய்டர் கேம், டூம் ரெய்டர் என்றால் அதன் நாயகி லாரா கிராஃப்ட். 1996இல் ஆரம்பித்து வருடத்துக்கு ஒன்று என்று வந்துகொண்டிருந்த காலம், விளம்பரமெல்லாம் லாராவின் உடம்பை வைத்துத்தான் ஓடியது. அதே நிறுவனம் வெளியிட்ட இன்னொரு கேமில் நாயகி வேலைக்குப் போகிற பெண்ணாக வருகிறாள், வேலைக்கான உடுப்பில், வேலையை மட்டும் பேசிக்கொண்டு. கருப்பினப் பெண் ஒருத்தி பெரிய நிறுவனம் வெளியிட்ட ஆக்ஷன் கேமின் அட்டைப் படத்தில் நிற்பது அந்தக் காலத்தில் அபூர்வத்திலும் அபூர்வம். கேம் அதைப் பற்றி ஒரு பிரசங்கமும் பண்ணுவதில்லை, அது பாட்டுக்குப் போகிறது. எனக்கு அதுதான் பிடித்தது. அதே சமயம் அவளுக்கென்று ஒரு வீடு, ஒரு பழைய கதை, ஒரு பயம், எதுவும் எழுதவில்லை என்பதும் உண்மை. டார்சி என்கிற ஆளை நாம் தெரிந்துகொள்வது அவள் எப்படி ஓடுகிறாள், எப்படி அடிக்கிறாள் என்பதில் மட்டும்தான். கேரக்டர் என்று பார்த்தால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது.

மீதிப் பாதியைக் கெடுத்தது ரோப்பர். ரோப்பர் மெக்கின்டயர் என்று ஒரு நடுத்தர வயது ஆள், போலீஸ் கிடையாது, சட்டத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டு திரிகிறவன். கதை நடுவில் வருவான், சில மிஷன்களில் அவனாகத்தான் ஆட வேண்டும். வேறு கேமில் என்றால் குறை சொல்ல மாட்டேன். இங்கே டார்சியின் கையிலிருந்து கன்ட்ரோலைப் பிடுங்கி அவனிடம் கொடுத்தது போல இருக்கும். விதிக்குக் கட்டுப்பட்டவளையும் கட்டுப்படாதவனையும் பக்கத்தில் வைத்து ஏதாவது சொல்லியிருக்கலாம், அதற்கான எல்லாமே மேஜையில் இருந்தது. அவர்கள் செய்யவில்லை.

கதையும் அப்படியே. முதல் பாதி நல்ல தெருச் சண்டைக் கதை: வைல்ட்கேட்ஸ் என்கிற கும்பல் நகரத்தைப் பேட்டை பேட்டையாகப் பிடிக்கிறது, புதுப் போலீஸ் ஒருத்தி ஒவ்வொரு முடிச்சாக அவிழ்க்கிறாள். போகப் போக நாஸ்டிரடாமஸ் தீர்க்கதரிசனம், ஆயிரம் வருடம் முடிகிற நாள், மாந்திரீகம், கடைசியில் ஒரு பூதம் என்று எங்கேயோ போய்விடும். 1999 டிசம்பரில் உலகம் முடிந்துவிடும் என்று ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருந்த காலத்தில் இது காசாகும் என்று நினைத்திருப்பார்கள். இன்றைக்குப் பார்த்தால் அந்தப் பகுதிதான் சீக்கிரம் கெட்டுப் போயிருக்கிறது. பூதத்துக்கு எதற்குக் கைவிலங்கு?

இனி, ஏன் இவ்வளவு குறைவு என்கிற கேள்வி.

பெண் என்பதால் மட்டும் என்று சொன்னால் பாதி உண்மைதான். ஓப்பன் சிட்டி கேமில் போலீஸ் நாயகன் என்பதே தகராறு பிடித்த விஷயம், ஆணாக இருந்தாலும். இந்த வகை கேமின் சுகமே வரம்பு மீறுவதில்தான் இருக்கிறது. கார் திருடு, சிக்னலை மதிக்காதே, போலீஸ் துரத்தினால் ஓடு. போலீஸே நீதான் என்றால் யார் துரத்துவது? ஜிடிஏ 3 இதை எளிதாகத் தாண்டியது: போலீஸ் காரைத் திருடி உட்கார்ந்தால் விஜிலாண்டி மிஷன் ஆரம்பிக்கும், குற்றவாளியைத் துரத்திப் போய்த் தீர்த்துக்கட்டினால் காசு. கைது என்று ஒன்று கிடையவே கிடையாது. போலீஸ் வேலையின் வேகம் மட்டும் வேண்டும், பொறுப்பு வேண்டாம் என்கிற ஏற்பாடு.

பொறுப்பையும் சேர்த்துக் கொடுக்க முயன்றவர்கள் மூன்று பேரைச் சொல்லலாம், மூவரும் மூன்று விதமாகச் செய்தார்கள். 2003இல் வந்த ட்ரூ கிரைம்: ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் எல்.ஏ., லாஸ் ஏஞ்சலஸின் பெரும் பகுதியை அப்படியே வரைந்து வைத்து, நிக் காங் என்கிற போலீஸ்காரனை இறக்கிவிட்டது. பேட்ஜைக் காட்டி நிறுத்தலாம், எச்சரிக்கையாக வானத்தில் சுடலாம், காலைக் குறிபார்த்துச் சுடலாம், கைது செய்யலாம், தெருவில் போகிற யாரையும் நிறுத்திச் சோதனை போடலாம். நல்ல போலீஸ், கெட்ட போலீஸ் என்று ஒரு மதிப்பெண் ஏறி இறங்கும். யோசனை பிரமாதம், ஆனால் கெட்ட மதிப்பெண் சேர்த்தால் நாலு பேரைக் கைது செய்து சமன் பண்ணிவிடலாம் என்று ஆகிப்போனதில் அதற்குக் கனமே இல்லாமல் போய்விட்டது. 2011இல் எல்.ஏ. நுவார் நேரெதிராகப் போனது. 1947இன் லாஸ் ஏஞ்சலஸ், கோல் ஃபெல்ப்ஸ் என்கிற துப்பறிவாளன், நினைத்த நேரத்தில் துப்பாக்கியை உருவவே முடியாது, காரை இடித்தால் வழக்கு முடிவில் சேதாரத்தை டாலரில் கணக்குப் போட்டுக் காட்டும். மரியாதையான கேம். ஆனால் அந்த அழகான நகரத்தில் செய்வதற்குத்தான் ஒன்றும் இல்லை, ஒரு விசாரணையிலிருந்து அடுத்த விசாரணைக்குப் போகிற சாலையாகவே முடிந்துவிட்டது.

மூன்றாவது ஸ்லீப்பிங் டாக்ஸ், 2012. ட்ரூ கிரைம் வரிசையில் வர வேண்டிய கேம் இது. ஆக்டிவிஷன் 2011இல் கைவிட்ட பிறகு ஸ்கொயர் எனிக்ஸ் எடுத்து வேறு பெயரில் வெளியிட்டது. ஹாங்காங், வெய் ஷென் என்கிற ரகசியப் போலீஸ், டிரையட் கும்பலுக்குள். ஒவ்வொரு மிஷனிலும் போலீஸ் மதிப்பெண் முழுசாக ஆரம்பிக்கும், பொதுமக்களுக்கு அடிபட்டால், சொத்து சேதமானால் அதிலிருந்து கழித்துக்கொண்டே வரும். டிரையட் மதிப்பெண்ணோ முரட்டுத்தனத்துக்கு ஏறும். இரண்டும் ஒரே சண்டையில் ஒன்றையொன்று இழுக்கும். வரம்பு மீறுவதற்கு நாயகனுக்குக் கதையிலேயே ஒரு காரணம் கொடுத்துவிட்டதுதான் இதில் புத்திசாலித்தனம். ரகசியப் போலீஸ் என்றால் ரௌடி மாதிரி நடந்துகொண்டே ஆக வேண்டும் அல்லவா.

இதே கேமில்தான் உங்கள் கேள்விக்கான இன்னொரு பாதியும் கிடைக்கிறது. இன்ஸ்பெக்டர் டெங் என்று ஒரு பெண் அதிகாரி வருவார். புத்தி கூர்மையான ஆள், வழக்குகளைப் பிடித்து வைத்திருப்பவர், வெய்க்கு வேலை கொடுப்பவர். தெருவில் இறங்கி ஆடுவது வெய். 2018இன் ஸ்பைடர் மேன் கேமை எடுத்துக்கொள்ளுங்கள், நியூயார்க் போலீஸ் கேப்டன் யூரி வாட்டனாபே. அருமையான கேரக்டர், சலிப்போடு பேசுகிற அந்தத் தொனியே தனி. அவரும் பெரும்பாலும் போனில். ஓப்பன் சிட்டி கேம்களில் பெண் போலீஸுக்கு என்று ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்கள், அது ஆடுகிறவனின் காதுக்குப் பக்கத்தில் இருக்கிறது. தகவல் சொல்வார், திட்டுவார், அவசரத்துக்குப் படை அனுப்புவார். கன்ட்ரோலர் மட்டும் அவர் கைக்குப் போகாது.

நகரம் என்கிற நிபந்தனையைத் தளர்த்தினால் ஆட்கள் கிடைப்பார்கள். ரெசிடெண்ட் ஈவிலின் ஜில் வாலண்டைன், ரக்கூன் சிட்டி போலீஸின் ஸ்டார்ஸ் பிரிவுக்காரி, 1996இலிருந்து இருக்கிறார். ஆனால் அங்கே போலீஸ் வேலைக்கு இடமில்லை, ஜோம்பிகளிடமிருந்து தப்பிக்கத்தான் நேரம் இருக்கும். இப்படித் தேடினால் எனக்கு மனசுக்குப் பிடித்தது 2019இல் நின்டெண்டோ ஸ்விட்சுக்கு வந்த ஆஸ்ட்ரல் செயின். பிளாட்டினம் கேம்ஸ் செய்தது. ஆர்க் என்கிற செயற்கைத் தீவு நகரம், அங்கே நியூரான் என்கிற சிறப்புப் போலீஸ் படை, இரட்டைப் பிறவிகளில் அண்ணனையோ தங்கையையோ நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். உங்களோடு சங்கிலியால் பிணைத்த ஒரு வேற்றுலக ஜந்து சேர்ந்து சண்டை போடும், அந்தச் சங்கிலியால் எதிரியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டால் அவன் கட்டுண்டு நிற்பான். சண்டைகளுக்கு நடுவே ஊர்க்காரர்களின் சின்னச் சின்னப் பிரச்சினைகளைத் தீர்த்து வைக்க வேண்டும், தெருவில் கிடக்கிற குப்பையைக்கூடப் பொறுக்கலாம். டார்சிக்குப் பிறகு "நான் போலீஸ் வேலை பார்க்கிறேன்" என்கிற உணர்வைக் கொடுத்த கேம் என்றால் இதைத்தான் சொல்வேன். ஒரே ஒரு எரிச்சல்: நீங்கள் தேர்ந்தெடுத்த ஆள் வாய் பேச மாட்டார், விட்டுவிட்ட ஆள்தான் அகிரா என்கிற பெயரோடு கதை முழுக்கப் பேசுவார். பெண்ணைத் தேர்ந்தெடுத்தால் அவள் ஊமை. பெண் பேச வேண்டும் என்றால் ஆணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். யார் யோசித்தார்களோ.

மோட் (ஒரு கேமில் ரசிகர்கள் செய்து சேர்க்கிற மாற்றம்) பக்கம் போகத் தயாராக இருந்தால், பிசியில் ஜிடிஏ 5க்கு எல்எஸ்பிடிஎஃப்ஆர் என்று ஒன்று இருக்கிறது. ஆட்டத்தின் ஒற்றை ஆள் பகுதியில் உங்களை அந்த கேமின் நகரமான லாஸ் சான்டோஸில் போலீஸாக மாற்றிவிடும். பெண் போலீஸ் உருவத்தையும் எடுத்துக்கொள்ளலாம். ரோந்து போவது, வண்டியை ஓரங்கட்டி லைசென்ஸ் பார்ப்பது, ரேடியோவில் வருகிற அழைப்புக்குப் போவது, விலங்கு மாட்டி வண்டியில் ஏற்றுவது என்று எல்லாம் உண்டு. பெரும்பாலான நேரம் ஒன்றும் நடக்காது, சாலையோரம் நின்றுகொண்டிருப்பீர்கள், அதுவே சிலருக்குப் பிடிக்கிறது. கதை என்று எதுவும் இல்லாததால் நாயகி என்று சொல்ல முடியாது. ஆனால் பெரிய நிறுவனங்கள் செய்யாததை ரசிகர்கள் இவ்வளவு மெனக்கெட்டுச் செய்து வைத்திருப்பதைப் பார்த்தால் ஆசைப்படுகிறவர்கள் இல்லாமல் இல்லை என்று தெரிகிறது.

இப்போது விளையாடுவது பற்றி. அர்பன் கேயாஸ் பிசி பதிப்பு ஸ்டீம், ஜிஓஜி என்கிற இணையக் கேம் கடைகளில் விற்பனைக்கு வந்தது. மூன்று பதிப்புகளில் இதைத்தான் எடுங்கள். பிஎஸ்1 பதிப்பில் அந்த இயந்திரத்தால் இந்த நகரத்தைத் தாங்க முடியவில்லை என்பது பார்த்த உடனே தெரியும். பிசியிலும் தூரத்துக் கட்டடங்கள் பனிமூட்டத்துக்குள் மறையும், பல மிஷன்கள் இரவில் நடப்பதால் கொஞ்சம் சமாளித்திருப்பார்கள். அந்தக் காலத்து கிராஃபிக்ஸ்தான், முகமெல்லாம் பெட்டி மாதிரி இருக்கும். ஆனால் டார்சி ஓடும்போது தரையில் கிடக்கிற காய்ந்த இலைகள் காலடியில் சிதறிப் பறக்கும் பாருங்கள், 1999இல் இதற்கெல்லாம் மெனக்கெட்டிருக்கிறார்களே என்று தோன்றும்.

பெரிய பிரச்சினை கேமரா. நீங்கள் ஒரு பக்கம் தாவ நினைத்தால் அது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். மாடி விளிம்பில் நிற்கும்போது முதலில் கேமராவை டார்சியின் முதுகுக்குப் பின்னால் கொண்டு வாருங்கள், அது நின்ற பிறகு தாவுங்கள். பாதி மரணங்கள் இதனால்தான் வரும், ரௌடிகளால் இல்லை. அடுத்து, மிஷன் நடுவில் சேவ் பண்ண முடியாது. நீளமான மிஷனின் கடைசியில் மாடியிலிருந்து விழுந்தால் முதலிலிருந்துதான். இன்றைக்குச் செக்பாயிண்டுக்கு (நடுவழியில் தானாகச் சேவ் ஆகிற இடம்) பழகினவர்களுக்கு இது கசக்கும். கார் ஓட்டுவது சுமார், சுமாருக்கும் கீழே என்று சொல்லலாம், கார் மிஷன்களைக் கடமைக்கு முடித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். பயிற்சி மிஷன்களைத் தாண்டிப் போய்விடாதீர்கள், காலை வாருவது, பிடித்துத் தள்ளுவது எல்லாம் அங்கேதான் கைக்குப் பழகும், இல்லையென்றால் துப்பாக்கியை மட்டும் நம்பி ஆடி, சாதாரண ஷூட்டராக முடிந்துவிடும்.

புது விண்டோஸில் சில கணினிகளில் அடம் பிடிக்கும், ரசிகர்கள் செய்த திருத்தங்களைத் தேடிப் போட வேண்டியிருக்கலாம். இந்த விஷயத்தில் ஒரு நல்ல காரியம் நடந்தது: மைக் டிஸ்கெட் 2017இல் இந்த கேமின் சோர்ஸ் கோடை, அதாவது மூல நிரலை, கிட்ஹப் என்கிற இணையதளத்தில் எல்லாருக்கும் திறந்து வைத்துவிட்டார். மக்கி ஃபுட் அதற்குள் இல்லாமல் போயிருந்தது. அர்பன் கேயாஸுக்குப் பிறகு 2001இல் ஸ்டார்டோப்பியா, 2002இல் பிளேட் 2 என்று இரண்டை வெளியிட்டுவிட்டு 2003இல் மூடிவிட்டார்கள். டார்சிக்கு இரண்டாம் பாகம் வரவே இல்லை. நிரல் எழுதத் தெரிந்தவர்கள் அந்தக் கோடைத் திறந்து பார்க்கலாம். கொன்ற ரௌடி, கொன்ற அப்பாவி, கைதான ரௌடி, கைதான அப்பாவி என்று நான்கையும் தனித்தனியாக எண்ணி வைத்திருக்கிறார்கள்.

எந்த வரிசையில் ஆடலாம் என்று கேட்டால், கையில் ஸ்விட்ச் இருந்தால் ஆஸ்ட்ரல் செயினில் ஆரம்பியுங்கள், அது இன்றைய கைக்குப் பழகிய கேம். பிடித்துப்போனால் அர்பன் கேயாஸ். அதில் முதல் பாதியை நிதானமாக, முடிந்தவரை சுடாமல், கைது செய்துகொண்டே ஆடிப் பாருங்கள். மாந்திரீகம் ஆரம்பிக்கிற இடத்தில் அலுத்துவிட்டால் தயங்காமல் நிறுத்திவிடலாம், அதற்கு மேல் டார்சியைப் பற்றிப் புதிதாக எதுவும் சொல்ல மாட்டார்கள்.